அம்மா தனியா தூக்க முடியுமா? ஊர் வீட்டுக்கு ஷட்டர் போடும் முன்னாடி கேட்க வேண்டியவை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஷட்டரைப் பத்தி. கடை ஷட்டர் இல்லை, வீட்டுல கார் நிறுத்துற இடத்துக்குப் போடுற ரோலிங் ஷட்டர்.

இதுக்கு ஒரு எபிசோடான்னு சிரிக்காதீங்க. இதைக் கேட்கிறவங்கள்ல பாதிப் பேராவது சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டே ஊர்ல வீடு கட்டுறவங்களா, இல்ல பழைய வீட்டைச் சரி பண்றவங்களா இருப்பீங்க. சம்பளம் இங்க, வீடு அங்க, அந்த வீட்டுல இருக்கப்போறது அப்பா அம்மா. சிட்னியில இருக்கிற சித்தப்பா மகன் வீட்டு கராஜ் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வரும். பட்டனை அமுக்கினா கதவு சத்தமே இல்லாம மேல சுருண்டுக்கும். உடனே, "நம்ம வீட்டுக்கும் இதையே போட்டுருவோம்"னு முடிவு பண்ணிடுவோம்.

போடலாம், தப்பில்லை. ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. கரண்ட் இல்லாத ஒரு நாள், வீட்டுல அறுபது அறுபத்தஞ்சு வயசுல அம்மா மட்டும் இருக்காங்க. அந்த ஷட்டரை அவங்க தனியா திறந்து மூட முடியுமா? இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாமே இந்தக் கேள்வியோட பதில்தான். எந்தத் தகடு, எந்த மோட்டார், எந்தப் பூட்டு, எல்லாத்தையும் இதை வச்சே முடிவு பண்ணலாம்.

உதாரணத்துக்கு ஒரு ஊரை எடுத்துக்குவோம். விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டையை ஒட்டி இருக்கிற பாளையம்பட்டி. அங்கிருந்து திருச்சுழி பக்கம் வரைக்கும் வானம் பார்த்த பூமி. கரிசல் மண், வெயில், புழுதி, ஆடி மாசம் காத்து. மழைன்னா பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைதான். அந்த நிலத்துல நிக்கிற ஷட்டரும், சென்னை அடுக்குமாடியோட தரைத்தளத்துல நிக்கிற ஷட்டரும் ஒரே மாதிரி நடந்துக்காது.

முதல்ல, ஷட்டர் வேணுமா?

வீட்டுக்கு முன்னாடி காம்பவுண்ட் சுவர் இருக்கு, உள்ளே காரை நிறுத்தவும் கேட்டை மடக்கவும் இடம் இருக்குன்னா, ரெண்டு பக்கம் திறக்கிற சாதாரண கேட் போதும். செலவு கம்மி, ரிப்பேர் கம்மி, உள்ளூர் வெல்டிங் பட்டறையிலயே எல்லாம் முடிஞ்சிரும்.

ஷட்டர் எங்க உண்மையிலேயே உதவும்? வீட்டு முகப்பு நேரா தெருவைத் தொடுற இடத்துல. இந்த மாதிரி ஊர்கள்ல பழைய தெருக்கள் குறுகல். கேட்டை வெளியே திறந்தா போறவர்ற பைக்கை மறிக்கும். உள்ளே திறந்தா கார் இடிக்கும். ஷட்டர் மேல சுருண்டு போறதால அந்தப் பிரச்சினை இல்லை. சைடுல தள்ளுற கேட்டும் ஒரு வழிதான், ஆனா கேட் ஒதுங்கி நிக்க அதே அகலத்துக்கு பக்கத்துல சுவர் வேணும். குறுகலான மனையில அது கிடைக்காது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிடுறேன். வீட்டுக்குள்ள போக வர ஷட்டர் மட்டுமே வழியா இருக்கக் கூடாது. பக்கத்துல ஆள் நடக்க ஒரு சின்னக் கதவு கட்டாயம் வேணும். ஷட்டர் சிக்கிக்கிட்டா, தீ ஏதாவது பிடிச்சா, ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னா அந்தச் சின்னக் கதவுதான் உயிர். பிளான் போடும்போதே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க. கட்டி முடிச்ச அப்புறம் சுவரை உடைக்க மனசு வராது.

நீங்க வாங்குறது கதவு இல்லை, பாரம்

இப்ப கணக்குக்கு வருவோம். பத்தடி அகலம், எட்டடி உயரம். ஒரு கார் போக வர வசதியான அளவு. அது 80 சதுர அடி, சுமார் 7.4 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் தடிமன் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ இருக்கும். அப்ப 0.9 மில்லிமீட்டர் தகட்டைத் தட்டையா வச்சாலே 52 கிலோ. ஆனா ஷட்டர் பட்டி தட்டையா இருக்காது. வளைவு இருக்கும், ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிற கொக்கி இருக்கும், அடியில கனமான பாட்டம் பிளேட் இருக்கும். எல்லாம் சேர்ந்தா எழுபது கிலோவைத் தாண்டிடும்.

ஒரு பெரிய ஆளோட எடையை உங்க கார் தலைக்கு மேல தொங்க விட்டிருக்கீங்க. அதை நாம ஒரு கையால தூக்க முடியுதுன்னா காரணம் ஸ்பிரிங். மேல இருக்கிற உருளைக்குள்ள ஸ்பிரிங் இருக்கு. ஷட்டரை இறக்கும்போது அது முறுகும். தூக்கும்போது அந்த முறுக்கு பிரிஞ்சு நமக்குத் தோள் கொடுக்கும். ஸ்பிரிங் சரியா இருந்தா கைக்கு வர்றது கொஞ்சம் பாரம்தான். தளர்ந்து போச்சுன்னா மீதிப் பாரம் மொத்தமும் அம்மா இடுப்புக்கு.

இதை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஏர்போர்ட் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற சின்னக் கைத் தராசு வச்சிருப்பீங்க. அதை ஷட்டர் கைப்பிடியில மாட்டி மெதுவா மேல இழுங்க. கிளம்புற நேரத்துல எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. ஒரு குடம் தண்ணி பதினஞ்சு கிலோ இருக்கும். அதைவிடக் கூடுதலா காட்டுச்சுன்னா, ஒரு வயசான ஆள் குனிஞ்சு அதைத் தூக்கக் கூடாது. பணத்தை செட்டில் பண்றதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைச் சரி பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க.

இன்னொரு சோதனை. ஷட்டரைப் பாதி உயரத்துல நிறுத்திக் கையை மெதுவா எடுங்க. ஓரளவுக்கு அங்கேயே நிக்கணும். தடதடன்னு கீழே வந்தாலோ, விட்ட உடனே மேல பறந்தாலோ ஸ்பிரிங் சமநிலையில இல்லைன்னு அர்த்தம். சோதிக்கும்போது கீழே யாரும் நிக்கக் கூடாது, காலை நீட்டி வச்சிருக்கவும் கூடாது.

ஸ்பிரிங்குக்கு ஆயுள் உண்டு. அமெரிக்காவில வீட்டு கராஜ் கதவுக்குப் போடுற ஸ்பிரிங்கை வழக்கமா பத்தாயிரம் தடவை திறந்து மூடுறதுக்குன்னு கணக்கு வச்சு விக்கிறாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவைன்னா அது ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம ஊர் ஷட்டருக்கு அந்த எண்ணிக்கை அப்படியே பொருந்தும்னு சொல்லலை. ஆனா ஸ்பிரிங் தேயுற பொருள், ஒரு நாள் மாத்த வேண்டி வரும்ங்கிறது எல்லா ஊருக்கும் பொது. அதை நாமளே ஸ்பானர் எடுத்துக் கழட்டக் கூடாது. முறுகின ஸ்பிரிங் பிரியுற வேகத்துல கையை உடைச்சிரும். அதுக்குன்னு இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க.

தகடு: கேஜ்ல பேசாதீங்க, மில்லிமீட்டர்ல பேசுங்க

ஷட்டர் போடுற அண்ணாச்சிகிட்ட பேசினா முதல்ல வர்ற வார்த்தை 'கேஜ்'. இருபது கேஜ், இருபத்திரெண்டு கேஜ்னு சொல்வாங்க. புதுசா கேட்கிறவங்களுக்கு இருபத்திரெண்டுதான் பெருசுன்னு தோணும். தலைகீழ். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசு. 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7.

கேஜ் அட்டவணையே ஒண்ணுக்கு மேல இருக்கு. அதனால, "அண்ணாச்சி, தகடு எத்தனை மில்லிமீட்டர்? பில்லுல அப்படியே எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. நேரா போனா வெர்னியர் வச்சு ஒரு பட்டியை அளந்து பாருங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. விவரம் தெரிஞ்ச ஆள்னு கொஞ்சம் கவனமா பேசுவாங்க.

எவ்வளவு இருக்கணும்? இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கு உலோக ரோலிங் ஷட்டருக்குன்னே ஒரு தரநிலை இருக்கு. ஐ.எஸ். 6248, 1979-ல வந்தது. அதுப்படி மூன்றரை மீட்டர் அகலம் வரைக்கும் பட்டி 0.9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதுக்கு மேல அகலம் போனா 1.25. மூன்றரை மீட்டர்னா சுமார் பதினொன்றரை அடி. ஒரு கார் வாசலுக்கு 0.9 போதும். ரெண்டு காருக்கும் சேர்த்துப் பதினாறு அடியில ஒரே ஷட்டர்னா 1.25 வேணும். பாரம் எகிறிடும்.

மத்தியப் பொதுப்பணித்துறையோட விவரக்குறிப்புல இன்னொரு எல்லை இருக்கு. பத்து சதுர மீட்டர் வரைக்கும் கையால தூக்கி இறக்குற வகை, அதுக்கு மேல பொதுவா சங்கிலியோ கைப்பிடியோ வச்ச கியர் வகை. பதினாறுக்கு எட்டு அடி ஷட்டர் பன்னிரண்டு சதுர மீட்டர் கிட்ட வந்துடும். அதனால ரெண்டு கார் இருந்தா நடுவுல ஒரு தூண் விட்டு ரெண்டு சின்ன ஷட்டரா போடுறது நல்லது. ஒண்ணு சிக்கிக்கிட்டாலும் இன்னொண்ணு திறக்கும்.

உள்ளே பஞ்சு மாதிரி ஃபோம் நிரப்பின அலுமினியப் பட்டியும் கிடைக்குது. எடை இரும்புல பாதிகூட வராது, சத்தமும் கம்மி. விடியக்காலையில மதுரைக்குக் கிளம்புறவங்க வீட்டு ஷட்டர் தெருவையே எழுப்பாது. விலை கூடுதல், கடப்பாரை போட்டு நெம்பினா இரும்பு அளவுக்குத் தாங்காது. நம்ம கேள்விப்படி பார்த்தா, திருட்டு பயம் அதிகம் இல்லாத, வயசானவங்க மட்டும் இருக்கிற வீட்டுக்கு அலுமினியம் யோசிக்க வேண்டிய விஷயம்.

மேற்கு பார்த்த வாசலா? சித்திரை வெயில்ல மூடின இரும்பு ஷட்டருக்குப் பின்னாடி நிக்க முடியாது. பாதிக்கு மேல ஓட்டை போட்ட பட்டி, இல்லைன்னா கிரில் ஷட்டர் போட்டா காத்து வரும், காரோட புகையும் வெளியே போகும். உள்ளே இன்வெர்ட்டர் பேட்டரி வச்சிருந்தா காத்தோட்டம் விருப்பம் இல்லை, அவசியம்.

கரிசல் மண் ஷட்டரை என்ன செய்யும்?

இப்ப பாளையம்பட்டிக்கே உரிய விஷயத்துக்கு வர்றேன். கரிசல் மண் தண்ணியைக் குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். கோடையில கரிசல் காட்டுல கை நுழையுற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே மண் உங்க வீட்டு அடியிலயும் இருந்தா, தரையும் தூணும் வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விட்டு மூச்சு வாங்குது.

சுவர்ல விரிசல் விழுந்தா பூசிட்டுப் போயிடுவோம். ஷட்டர் அப்படி மன்னிக்காது. ரெண்டு பக்கமும் நிக்கிற சைடு சேனல் ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தாதான் பட்டி ஓடும். ஒரு தூண் எட்டடி உயரத்துல அரை இஞ்ச் சாய்ஞ்சா மேல இறுக்கும், கீழே தளரும். தரை நடுவுல உப்பினா பாட்டம் பிளேட் நடுவுல முட்டி ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி விடும். அந்த இடைவெளியில எலி வரும், சில சமயம் பாம்பும் வரும். இதுல பெரிய சிக்கல், ஷட்டர் இறுகினதும் ஆளுங்க ஸ்பிரிங்கைக் குறை சொல்லி இன்னும் முறுக்குவாங்க. நோய் கால்ல, மருந்து தலையில.

தீர்வு அடித்தளத்துலதான். கரிசல் மண்ணுக்குன்னே ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வகை பைல் அடித்தளத்தை உருவாக்கிக் கொடுத்திருக்கு. கீழ்ப்பக்கம் குமிழ் மாதிரி விரிஞ்ச கான்கிரீட் தூண். ஆழமான கரிசல்ல அது குறைஞ்சது மூன்றரை மீட்டர் இறங்கணும்னு தரநிலை சொல்லுது. ஏன்னா ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வர்றது மேல்மண்ணுலதான். வீட்டுக்கு நல்ல அடித்தளம் போட்டுட்டு, கார் ஷெட் தூணை மட்டும் ரெண்டடி குழியில நிறுத்துறது நிறைய இடத்துல நடக்குது. அந்தத் தூண்லதான் எழுபது கிலோ தொங்கப்போகுது. கார் நிக்கிற தரைக்கு அடியிலயும் கரிசலை எடுத்துட்டு கிராவல் போட்டு கெட்டிச்சு அதுக்கு மேல கான்கிரீட் போடச் சொல்லுங்க.

ஏற்கெனவே கட்டின வீடா? அப்ப டேப் எடுங்க. வாசலோட அகலத்தை மேல, நடுவுல, கீழே மூணு இடத்துல அளங்க. மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க. மே மாசம் ஒரு தடவை, டிசம்பர்ல மழை பெய்ஞ்சு முடியுற நேரத்துல ஒரு தடவை. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா நிம்மதி. மாறுதுன்னா சேனல்ல கொஞ்சம் இடம் விட்டுப் பொருத்தச் சொல்லணும். புது வீடா இருந்தா, ஒரு மழைக்காலம் கடந்த அப்புறம் மோட்டார் போடுங்க. கையால தூக்கும்போது இறுக்கம் தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது, இழுத்துக்கிட்டே இருக்கும்.

வெயிலுக்கும் கொஞ்சம் இடம் வேணும். பத்தடி இரும்புப் பட்டி நாற்பது டிகிரி வித்தியாசத்துல ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதைப் போல ரெண்டு மடங்கு. டிசம்பர் காலையில கச்சிதமா பொருத்தினது மே மத்தியானம் சிக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காத்து? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா அடிச்சா, சதுர மீட்டருக்கு 240 நியூட்டன் அழுத்தம். நம்ம பத்துக்கு எட்டு ஷட்டர் மேல மொத்தம் 180 கிலோ அளவுக்குத் தள்ளு. சேனல் ஆழமா இல்லைன்னா பட்டி வளைஞ்சு சேனலை விட்டு வெளியே வந்துரும். பட்டியோட ஒவ்வொரு ஓரத்துலயும் நழுவாம இருக்க எண்ட் லாக் போட்டிருக்கான்னு பாருங்க.

அப்புறம் புழுதி. கரிசல் புழுதியும் கிரீஸும் சேர்ந்தா பசை. சேனல்ல கிரீஸ் அப்பாதீங்க. துணியால துடைச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சா போதும். கிரீஸ் மேல இருக்கிற பேரிங்குக்கு மட்டும்.

இன்னொண்ணு யாரும் கேட்டலாக்ல போடாத விஷயம். நம்ம வீட்டுல தினமும் காலையில வாசல் தெளிப்போம். அந்தத் தண்ணி பாட்டம் பிளேட்டையும் சேனலோட கால் பகுதியையும் நனைக்கும். இரும்பு முதல்ல துரு பிடிக்கிறது அங்கதான். தரையைத் தெருப்பக்கம் சரிவா போடச் சொல்லுங்க, சேனல் அடியில தண்ணி தேங்காம இருக்கணும். பாட்டம் பிளேட் மட்டும் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போட்டா கூடுதல் செலவு சின்னது, ஆயுள் பெருசு. கோலம் போடுறதை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம்.

மோட்டார்: கரண்ட் இல்லாத நாளை நினைச்சு வாங்குங்க

மூணு வகை சந்தையில இருக்கு. ஒண்ணு, சைடு மோட்டார். உருளைக்குப் பக்கத்துல உட்கார்ந்து சங்கிலியால சுத்தும். பெரிய ஷட்டருக்கு ஏத்தது. இதுல பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, மொத்தப் பாரமும் மோட்டார் மேல. ரெண்டாவது, டியூபுலர் மோட்டார். உருளைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். எடை கம்மியான அலுமினிய ஷட்டருக்குச் சரி. தொடர்ந்து நாலு நிமிஷம் ஓடினா சூடாகி நிக்கிற மாதிரிதான் இதைச் செய்றாங்க. பசங்க பட்டனை வச்சு விளையாடினா நடுவுல நின்னுரும், பயப்படாதீங்க, ஆறினதும் ஓடும். மூணாவது, சென்டர் மோட்டார். ஏற்கெனவே ஸ்பிரிங் வச்ச கை ஷட்டருக்கு நடுவுல மாட்டுறது. ஸ்பிரிங் அப்படியே இருக்கிறதால கரண்ட் போனாலும் லாக்கை விடுவிச்சுக் கையால தூக்கலாம்.

நம்ம ஊர்ல மாசாந்திரப் பராமரிப்புன்னு சொல்லிக் காலையில நிறுத்தினா சாயங்காலம்தான் கரண்ட் வரும். அந்த நாளை மனசுல வைங்க. சைடு மோட்டார்னா கைச்சங்கிலி இருக்கும், டியூபுலர்னா சுத்துற கைப்பிடி இருக்கும். "இருக்கு"ன்னு கடைக்காரர் சொன்னா போதாது. பொருத்துற அன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணிட்டு அம்மாவை ஒரு தடவை முழுசா திறந்து மூடச் சொல்லுங்க. எத்தனை நிமிஷம் ஆகுது, சங்கிலி எட்டுற உயரத்துல இருக்கா, கைப்பிடியை எங்க மாட்டணும்னு அவங்களுக்குத் தெரியுதா, இதெல்லாம் அப்பதான் புரியும். கைப்பிடியைப் பரண்ல போடாதீங்க. ஷட்டர் பக்கத்துலயே ஒரு ஆணியில தொங்கட்டும்.

ஸ்பிரிங் இல்லாத வகைன்னா, பிடி விட்டாலும் ஷட்டர் விழாம பிடிக்கிற சேஃப்டி பிரேக் கட்டாயம். இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

அடுத்தது, யாராவது கீழே நின்னா நிறுத்துற வசதி. சாதாரண ஷட்டர் மோட்டாருக்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. அமெரிக்காவில குழந்தைங்க கராஜ் கதவுக்கு அடியில மாட்டி இறந்துபோனதால சட்டமே கொண்டுவந்தாங்க. 1993 ஜனவரி 1-லேருந்து செய்யப்படுற வீட்டு கராஜ் மோட்டார் எல்லாத்துலயும் ஆள் மாட்டாம தடுக்கிற ஏற்பாடு இருந்தாகணும். நாம கேட்டு வாங்கணும். ரெண்டு பக்கத் தூண்லயும் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல போட்டோசெல் சென்சார் வைக்கச் சொல்லுங்க. குறுக்கே எது வந்தாலும் இறங்குற ஷட்டர் நிக்கணும், திரும்ப மேல போகணும். வாரத்துக்கு ஒரு தடவை துணியால புழுதியைத் துடைக்கணும், இல்லைன்னா அது எதையோ பார்த்ததா நினைச்சு இறங்கவே இறங்காது. எரிச்சல்ல சென்சாரைக் கழட்டி விடுற வீடுகள் உண்டு. அதைச் செய்யாதீங்க.

இப்ப உங்ககிட்ட நேரா ஒரு விஷயம். ஃபோன்ல ஷட்டரை மூடுற ஆப். சென்னையில ஆபீஸ்ல உட்கார்ந்து, "அம்மா ஷட்டரை மூட மறந்துட்டாங்க போல"ன்னு நீங்க ஒரு பட்டனைத் தொடுவீங்க. அங்க அம்மா ஷட்டருக்கு நேர் கீழே குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை உள்ளே ஓடலாம். இப்படி ஆள் பார்க்காம மூடுற வசதிக்கு அமெரிக்கத் தரநிலை, மூடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது அஞ்சு வினாடி வெளிச்சமும் சத்தமும் எச்சரிக்கை தரணும்னு கேட்குது. உங்க ஷட்டர்ல அது இல்லைன்னா, தூரத்துல இருந்து மூடுற வசதியை ஆஃப் பண்ணி வைங்க. மூடியிருக்கா திறந்திருக்கான்னு பார்க்க மட்டும் ஆப் போதும். மூடுறதுக்கு ஒரு ஃபோன் பண்ணி, "அம்மா, ஷட்டர் திறந்திருக்கு பாருங்க"ன்னு சொன்னா முடிஞ்சுது.

ரிமோட் வாங்கும்போது 'ரோலிங் கோடு' வகையான்னு கேளுங்க. ஒவ்வொரு தடவையும் குறியீடு மாறும். மாறாத வகை ரிமோட்டை நகல் எடுக்கிறது சுலபம்.

கரண்ட் பாதுகாப்பு இன்னும் முக்கியம். ஷட்டர் முழுக்க உலோகம், கீழே ஈர வாசல், வெறுங்கால். மோட்டாருக்கு எர்த் ஒழுங்கா கொடுத்திருக்கணும். அந்த லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கணும். ஷட்டர் ஆள் பொருத்திட்டுப் போன அப்புறம் உங்க எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்க. மோட்டார் வச்ச ஷட்டர்ல பழைய சைடு லாக்கைப் பூட்டி வைக்காதீங்க. பூட்டினதை மறந்து பட்டனை அமுக்கினா பட்டியோ மோட்டாரோ ஏதாவது ஒண்ணு போயிரும்.

பொருத்துற நாள்

அளவெடுக்க வரும்போது சொல்ல வேண்டியது, சுருண்ட ஷட்டர் உட்கார மேல ஒண்ணு முதல் ஒன்றரை அடி இடம் வேணும். லிண்டலுக்கு மேல சுவர்ல இடம் இல்லைன்னா அது வாசல் உயரத்துலதான் கழியும். சேனல் அகலமும் ரெண்டு பக்கமும் கழியும். காரை சைடு கண்ணாடி விரிச்ச நிலையில அளங்க, இன்னைக்கு இருக்கிற காரை மட்டும் நினைக்காதீங்க.

கொட்டேஷன் சதுர அடிக்கு இவ்வளவுன்னு வரும். சுருள் உட்கார்ற அந்த ஒன்றரை அடியும் கணக்குல சேருதா, பெட்டி கவர், மோட்டார், பெயின்ட், வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் உள்ளேயா வெளியேயான்னு எழுதி வாங்குங்க. ரெண்டு பேர் விலையை ஒப்பிடணும்னா ரெண்டு பேரும் ஒரே அளவுக்குச் சொல்லியிருக்கணும். அதோட, ரிப்பேர்னா யார் வருவாங்க, எங்கிருந்து வருவாங்கன்னு கேளுங்க. அருப்புக்கோட்டையிலயோ மதுரையிலயோ இருந்து ஆள் வர்ற சாதாரண ஷட்டர், சென்னையில இருந்து பார்ட்ஸ் வர வேண்டிய அழகான ஷட்டரைவிட அம்மாவுக்கு உதவும்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியது ரெண்டு. சேனல் தூக்குக்குண்டு வச்சு நேரா இருக்கணும். உருளையைத் தாங்குற பிராக்கெட் கான்கிரீட் தூண்லயோ லிண்டல்லயோ ஆங்கர் போல்ட் போட்டு நிக்கணும். வெறும் செங்கல்லயோ பூச்சுலயோ நின்னா ஒரு நாள் மொத்தமா கழண்டு வரும். ஸ்பிரிங் முறுக்குற நேரத்துல குழந்தைங்களை வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க.

இந்த வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போங்க. வீடியோ கால்ல பார்த்துக்கலாம்னு விடாதீங்க. ஷட்டர் ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி அம்மா கையால திறந்து மூடிப் பார்க்கட்டும். அவங்க, "கொஞ்சம் கனமாதான் இருக்கு, பரவாயில்லப்பா"ன்னு சொன்னா, அந்தப் 'பரவாயில்லை'யை ஏத்துக்காதீங்க. சரி பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க.

உங்க ஊர் மண் என்ன, வாசல் எந்தத் திசைன்னு எழுதிக் கேள்வியை அனுப்புங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.